ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி

ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி (செப்டம்பர் 16, 1893 – அக்டோபர் 22, 1986) அங்கேரியில் பிறந்து, பின்னர் ஐக்கிய அமெரிக்காவில் குடியேறிய உயிர்வேதியியலாளர் ஆவார். தாவர உணவுகளில் உள்ள ஆக்சிசனேற்றத் தடுப்பிகள், அதாவது ஆன்டி ஆக்சிடன்ட்டுகள், பற்றிய ஆய்வின் முன்னோடிகளுள் இவரும் ஒருவர். உயிரணுக்களில் நிகழும் ஆக்சிசனேற்றத்தையும் வைட்டமின் சியையும் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 1937ஆம் ஆண்டு உடலியங்கியல் அல்லது மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

வாழ்க்கை

புடாபெஸ்ட் நகரில் பிறந்த இவர் அங்கேயே மருத்துவம் பயின்று 1917இல் பட்டம் பெற்றார். 1920களில் நெதர்லாந்தின் குரோனிங்கனிலும், பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் ஆய்வு செய்தார். 1930களில் அங்கேரியின் செகெட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1947இல் அமெரிக்காவுக்குச் சென்று, மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வுட்ஸ் ஹோலில் தம் ஆய்வுகளைத் தொடர்ந்தார்.

தாவரங்கள் பழுப்பாவது ஏன்?

வெட்டிய உருளைக்கிழங்கும் ஆப்பிளும் காற்றுப்பட்டதும் பழுப்பாகின்றன. அவற்றிலுள்ள பீனால் வகைச் சேர்மங்கள் நொதிகளின் துணையுடன் ஆக்சிசனேற்றம் அடைவதே இதற்குக் காரணம். ஆனால் எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவை அவ்வாறு நிறம் மாறுவதில்லை. இந்த வேறுபாடே சென்ட்-ஜியார்ஜியின் ஆய்வுக்குத் தொடக்கமாக அமைந்தது.

ஐதரசன் பெராக்சைடு, பெராக்சிடேசு நொதி ஆகியவற்றுடன் பென்சிடின் என்னும் சேர்மத்தைச் சேர்த்தால் உடனே நீல நிறம் தோன்றும். தூய நொதிக்குப் பதிலாக, அந்நொதி உள்ள தாவரச் சாற்றைச் சேர்த்தபோது நிறம் தோன்ற ஏறத்தாழ ஒரு நொடி தாமதமாயிற்று. சாற்றிலுள்ள ஏதோ ஒரு பொருள், தான் தீரும்வரை பென்சிடினின் ஆக்சிசனேற்றத்தைத் தடுக்கிறது என அவர் முடிவு செய்தார்.

அப்பொருளை ஆரஞ்சு, முட்டைக்கோசு, மாட்டின் அண்ணீரகச் சுரப்பி ஆகியவற்றிலிருந்து பிரித்தெடுத்து 1928இல் அறிவித்தார். அதன் அமைப்பு தெரியாததால் நகைச்சுவையாக 'இக்னோஸ்' (அறியேன் என்னும் பொருள்பட) எனப் பெயரிட விரும்பினார். இதழாசிரியர் அதை ஏற்காததால் 'எக்சூரோனிக் அமிலம்' என்னும் பெயர் வழங்கப்பட்டது.

வைட்டமின் சி

1931இல் ஜோசப் சுவிர்பெலி என்னும் இளம் ஆய்வாளர் செகெட் வந்து சேர்ந்தார். கினிப்பன்றிகளுக்கு, மனிதரைப் போலவே, வைட்டமின் சி கிடைக்காவிட்டால் ஸ்கர்வி நோய் உண்டாகும். வேகவைத்து வைட்டமின் அழிக்கப்பட்ட உணவை மட்டும் உண்ட விலங்குகள் இறந்தன. அதே உணவுடன் எக்சூரோனிக் அமிலமும் பெற்றவை நலமுடன் இருந்தன. எனவே எக்சூரோனிக் அமிலமும் வைட்டமின் சியும் ஒன்றே என்பது தெளிவாயிற்று.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் இதே ஆய்வில் ஈடுபட்டிருந்த சார்லஸ் கிளென் கிங் 1932 ஏப்ரல் தொடக்கத்தில் தம் முடிவை வெளியிட்டார். செகெட் குழுவின் கட்டுரை அதே மாதம் வெளியானது. சுவிர்பெலி முன்னர் கிங்கிடம் பணியாற்றியவர். யார் முதலில் கண்டறிந்தார் என்ற சர்ச்சை நீண்ட காலம் நீடித்தது.

அமைப்பைக் கண்டறியப் போதிய அளவு தூய பொருள் கிடைக்காதது பெருந்தடையாக இருந்தது. செகெட் பகுதி பாப்ரிக்கா எனப்படும் சிவப்பு மிளகாய்க்குப் பெயர் பெற்றது. ஒரு நாள் இரவுணவில் மனைவி பரிமாறிய மிளகாயை உண்ண விரும்பாமல், அதை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்று சோதித்ததாக சென்ட்-ஜியார்ஜி பின்னாளில் கூறினார். சில வாரங்களில் ஒரு கிலோகிராமுக்கும் மேற்பட்ட தூய படிகங்கள் கிடைத்தன. இங்கிலாந்தின் பர்மிங்காமில் வால்டர் ஹாவர்த் அதன் அமைப்பைக் கண்டறிந்தார். ஸ்கர்வியைத் தடுப்பது என்னும் பொருளில் அதற்கு 'அஸ்கார்பிக் அமிலம்' என இருவரும் பெயரிட்டனர். ஹாவர்த் 1937ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை மற்றொருவருடன் பகிர்ந்துகொண்டார்.

'வைட்டமின் பி' கருதுகோள்

இரத்த நுண்குழாய்களிலிருந்து குருதி கசியும் நோயாளிகளுக்குத் தூய அஸ்கார்பிக் அமிலம் பயன்படாதபோதும், தூய்மைப்படுத்தாத எலுமிச்சை, மிளகாய்ச் சாறுகள் பயன் தந்ததாக 1936இல் சென்ட்-ஜியார்ஜி குழுவினர் அறிவித்தனர். இதற்குக் காரணமாகக் கருதப்பட்ட பிளேவனாய்டுகளுக்கு 'வைட்டமின் பி' எனப் பெயரிட்டனர். ஊடுருவும் தன்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தே இப்பெயரில் உள்ளது. பி-தொகுதி வைட்டமின்களோடு இதற்குத் தொடர்பில்லை.

ஆனால் பிளேவனாய்டுகள் இல்லாததால் மட்டுமே உண்டாகும் நோய் எதுவும் நிறுவப்படவில்லை. எனவே 1950இல் அப்பெயரைக் கைவிடுமாறு அமெரிக்க அறிவியல் கழகங்களின் குழு பரிந்துரைத்தது.

இன்றைய நிலை

இரு கண்டுபிடிப்புகளும் ஒரே ஆய்வு வழியில் தோன்றியவை. வைட்டமின் சி விலங்குச் சோதனையில் நிரூபிக்கப்பட்டது. வைட்டமின் பி அவ்வாறு நிரூபிக்கப்படவில்லை. சோதனைக் குழாயில் ஆக்சிசனேற்றத்தைத் தடுக்கும் பொருள் உடலிலும் அவ்வாறே பயன்படும் எனக் கொள்ள முடியாது. பிளேவனாய்டுகள் குடலில் குறைவாகவே உட்கிரகிக்கப்பட்டு விரைவில் வேறு சேர்மங்களாக மாறிவிடுகின்றன.

1994இல் வெளியான பின்லாந்து ஆய்வொன்றில், பீட்டா கரோட்டின் மாத்திரை உட்கொண்ட புகைபிடிக்கும் ஆண்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாக 18 விழுக்காடு அதிகமாகக் காணப்பட்டது. உணவுகளின் ஆக்சிசனேற்றத் தடுப்புத் திறனைப் பட்டியலிட்ட தரவுத்தளத்தை அமெரிக்க வேளாண்மைத் துறை 2012இல் விலக்கிக்கொண்டது. காய்கறி, பழங்களை உண்பது உடல்நலத்துக்கு ஏற்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்நன்மை முழுவதையும் ஆக்சிசனேற்றத் தடுப்பிகளுக்கே உரியதாக்க இயலாது.

இவற்றையும் பார்க்க

வைட்டமின் சி
ஸ்கர்வி
பிளேவனாய்டு