அவசரமும் விதியும்: ஐரோப்பியப் புகலிட ஆதரவு அலுவலகத்தின் தணிக்கை வரலாறு (2016–2019)

ஆய்வுச் சுருக்கம்

ஐரோப்பியப் புகலிட ஆதரவு அலுவலகத்தின் 2016, 2017, 2018 ஆகிய மூன்று நிதியாண்டுகளின் கொடுப்பனவுகள் மீது ஐரோப்பியத் தணிக்கை மன்றம் தொடர்ந்து குறை கண்டது. அக்குறைகளின் தன்மையையும், அவற்றின் பேரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் எடுத்த நடவடிக்கையின் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

ஒரு பொது நிறுவனம் தடுமாறிய வரலாற்றை எழுத முனைவோர் முதலில் நாடுவது நாளேடுகளையும் நாடாளுமன்ற விவாதங்களையுமே. தணிக்கை அறிக்கை பெரும்பாலும் கடைசியில்தான் கைக்கு எடுக்கப்படுகிறது. வறண்ட நடையும் அட்டவணைகளும் அதற்குக் காரணமாகலாம். ஆயினும் எந்த ஆண்டில், எந்த ஒப்பந்தத்தில், எவ்வளவு தொகையில் விதி மீறப்பட்டது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் சான்று வேறில்லை. புகலிட ஆதரவு அலுவலகத்தைப் பொறுத்தவரை இக்கூற்று முழுமையாகப் பொருந்தும்.

2010ஆம் ஆண்டின் 439ஆம் எண் ஒழுங்குமுறைச் சட்டத்தால் நிறுவப்பட்ட இவ்வலுவலகம், 2011இல் மால்டாவின் தலைநகரான வல்லெட்டாவில் செயல்படத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் புகலிடக் கோரிக்கைகளை ஒரே சீராகக் கையாள உதவுவதே அதன் நோக்கம். பயிற்சி அளித்தல், கோரிக்கையாளர்களின் பிறப்பு நாடுகள் பற்றிய தகவல்களைத் தொகுத்தல், நெருக்கடியில் உள்ள நாட்டுக்கு வல்லுநரை அனுப்புதல் ஆகியவை அதன் பணிகள். தனிமனிதரின் கோரிக்கை மீது முடிவெடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை என நிறுவனச் சட்டமே தெளிவாகக் கூறியிருந்தது. சுருங்கச் சொன்னால், அது ஒரு சிறிய, அறிவுரை கூறும் அலுவலகமாகவே கருக்கொண்டது.

திடீர் வளர்ச்சி

2015இல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முதன்முறையாகப் புகலிடம் கோரினர். கிரேக்கத் தீவுகளிலும் இத்தாலியக் கடற்கரைகளிலும் வந்திறங்கியவர்களைப் பதிவு செய்யும் மையங்கள் தோன்றின; அங்குப் பணியாற்ற ஆட்கள் தேவைப்பட்டனர். 2016 மார்ச்சில் துருக்கியுடன் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பின், கிரேக்கத் தீவுகளில் கோரிக்கையாளரை நேர்காணும் பணியிலேயே இவ்வலுவலகத்தின் ஆட்கள் ஈடுபடுத்தப்பட்டனர். அதற்கு முன்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 கோடி யூரோவாக இருந்த வரவுசெலவுத் திட்டம் 2016இல் சுமார் 5.3 கோடியாகவும், 2017இல் சுமார் 7.9 கோடியாகவும் உயர்ந்தது. பணம் வந்த வேகத்தில் பணியாளர் அமைப்பு வளரவில்லை. கொள்முதல் செய்யவும், ஒப்பந்தத்தை வரையவும், பட்டியலைச் சரிபார்க்கவும் தேர்ந்தவர்களை ஓராண்டில் உருவாக்கிவிட முடியாது.

தணிக்கையாளர் கண்டவை

லக்சம்பர்க்கில் இயங்கும் ஐரோப்பியத் தணிக்கை மன்றம் ஒவ்வொரு முகமை குறித்தும் ஆண்டுதோறும் இரு கருத்துரைகளை வழங்கும். கணக்குகள் நம்பத்தக்கனவா என்பது ஒன்று. கொடுப்பனவுகள் சட்டத்துக்கும் விதிக்கும் உட்பட்டனவா என்பது மற்றொன்று. புகலிட அலுவலகத்தின் கணக்குகள் நம்பத்தக்கவை என்றே மன்றம் கூறியது. இக்கருத்தைப் பலரும் கவனிக்கத் தவறுகின்றனர். செலவிட்டவை யாவும் பதிவாகியிருந்தன. தொகைகளும் சரியாக இருந்தன. குறை வேறிடத்தில் இருந்தது: யாருக்கு, எவ்வழியில், எந்தத் தேர்வின் பேரில் அத்தொகை போய்ச் சேர்ந்தது என்பதில்.

2016ஆம் நிதியாண்டுக்கு மன்றம் வரையறைக்குட்பட்ட கருத்துரையே வழங்கியது. அதன் தணிக்கைக்கு உட்பட்ட 41 முகமைகளில் இந்நிலைக்கு ஆளானது இது ஒன்றே. அவ்வறிக்கையில் சுட்டப்பட்ட ஒப்பந்தங்களுள் ஒன்று குடிபெயர்வு நெருக்கடியை எதிர்கொள்ளத் துணைபுரியும் சேவைகள் தொடர்பானது. 12 மாதங்களுக்கு, 40 லட்சம் யூரோ மதிப்பில், முன்பே தெரிவு செய்யப்பட்ட ஒரே நிறுவனத்துக்கு அது நேரடியாக அளிக்கப்பட்டிருந்தது. போட்டி முறையிலான எந்த நடைமுறையும் பின்பற்றப்படவில்லை. தற்காலிகப் பணியாளரை அமர்த்துவதற்கான கொள்முதலும் குறைக்கு உள்ளாயிற்று.

ஆட்கள் கடலில் வந்திறங்கிக்கொண்டிருக்கும்போது ஒப்பந்தப்புள்ளி கோரிக் காத்திருக்க இயலுமா என்ற கேள்வி இங்கு எழும். அது நியாயமான கேள்வியே. ஆனால் ஒன்றியத்தின் நிதி விதிகளே அவசர நிலைக்கு இடமளிக்கின்றன: முன்னறிய முடியாத நிகழ்வால் எழும் கடும் அவசரத்தில், முன்னறிவிப்பின்றிப் பேச்சுவார்த்தை வழியே ஒப்பந்தம் செய்யலாம். அந்த அவசரத்தை எழுத்தில் நிறுவ வேண்டும் என்பதே நிபந்தனை. அவசரம் முதலாண்டின் தவறை ஓரளவு விளக்கும். அடுத்த ஆண்டும் அதே வகைத் தவறுகள், மேலும் பெருந்தொகையில் நிகழ்ந்ததை அதனால் விளக்க முடியாது.

2017ஆம் நிதியாண்டுக்கு மன்றம் எதிர்மறைக் கருத்துரை வழங்கியது. தணிக்கையாளர் கையில் இதைவிடக் கடுமையான தீர்ப்பு இல்லை. விதிக்குப் புறம்பான கொடுப்பனவுகள் குறைந்தது 77 லட்சம் யூரோ. அதாவது அவ்வாண்டின் மொத்தக் கொடுப்பனவில் 10 விழுக்காட்டுக்கும் சற்று மேல். பொருட்படுத்தத்தக்க பிழையின் எல்லையாக மன்றம் கொள்வது 2 விழுக்காடு. நிர்வாக அமைப்பும் உள்ளகக் கட்டுப்பாடும் நிறைவாக இல்லை என்றும், 2017இன் இறுதியிலிருந்து பணியாளர் நிலை மிக வேகமாகச் சீர்கெட்டு வருகிறது என்றும் அவ்வறிக்கை எச்சரித்தது. மேலாளர் பதவிகளே காலியாகக் கிடந்தன. நிலையான பணியாளர் இல்லாததால் தற்காலிகப் பணியாளரை நாடினர். அவர்களைப் பெறுவதற்கான கொள்முதலைச் சரிவரச் செய்யவும் ஆளில்லை. நிதிக் குறையும் மனிதவளக் குறையும் இங்கு ஒன்றையொன்று வளர்த்தன. பின்னதை விட்டுவிட்டு முன்னதை மட்டும் தனிமனித ஒழுக்கக்கேடாகப் படிப்பது வரலாற்றைக் குறைத்துப் படிப்பதாகும்.

காலியான நாற்காலிக்கு வந்த தீர்ப்பு

ஒன்றியத்தின் மோசடித் தடுப்பு அலுவலகமான ஓலாஃப் இதே காலத்தில் புகலிட அலுவலகத்தில் புலனாய்வு மேற்கொண்டிருந்தது. 2018 ஜூனில் மேலாண்மைக் குழு நிர்வாக இயக்குநரைப் பதவியிலிருந்து உடனடியாக விடுவித்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம், 2016ஆம் நிதியாண்டின் வரவுசெலவுத் திட்டச் செயலாக்கத்துக்கான பொறுப்பு விடுவிப்பை நிர்வாக இயக்குநருக்கு மறுத்தது. 2017ஆம் நிதியாண்டுக்கான விடுவிப்பும் 2019 அக்டோபரில் மறுக்கப்பட்டது.

பொறுப்பு விடுவிப்பு என்பது இந்திய வாசகருக்குப் பழக்கமற்ற முறை. இங்குத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்து பரிந்துரை செய்யும். ஓர் அலுவலரின் ஆண்டுக் கணக்கை ஏற்க மறுத்து அவை வாக்களிக்கும் நடைமுறை இல்லை. ஐரோப்பிய முறை அவ்வகையில் கூர்மையானது. எனினும் 2018 அக்டோபரில் அது யார் மீது பாய்ந்தது? முறையான பொருளில் அது இயக்குநர் என்னும் பதவியின் மீதான தீர்ப்பு. அந்தச் செலவுகளுக்குப் பொறுப்பானவர் நான்கு மாதங்களுக்கு முன்பே வெளியேறியிருந்தார். 2019 ஜூனில் பொறுப்பேற்ற நினா கிரெகோரி, தாம் செலவிடாத தொகைக்கான மறுப்பைப் பெற்று, அதற்கான சீர்திருத்த நடவடிக்கைகளை நாடாளுமன்றத்துக்கு விளக்க வேண்டியவரானார். மறுப்பினால் எந்தப் பணமும் திரும்பவில்லை. எந்த ஒப்பந்தமும் தானாக முறியவில்லை. 2018ஆம் நிதியாண்டுக்கும் மன்றம் வரையறைக்குட்பட்ட கருத்துரையே வழங்கியது. பழைய ஒப்பந்தங்களின் கீழ்க் கொடுப்பனவுகள் தொடர்ந்தமையே அதற்கு முதன்மையான காரணம்.

கணக்கில் வராதவை

இவ்வளவும் கொடுப்பனவுகளின் முறைமை பற்றியவை. அப்பணம் பயன் தந்ததா என்பது வேறு தணிக்கை. 2019இல் வெளிவந்த 24ஆம் எண் சிறப்பறிக்கையில் மன்றம் அதை ஆராய்ந்தது. கிரேக்கத்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பிற உறுப்பு நாடுகளுக்கு மாற்றிக் குடியமர்த்தும் திட்டங்களுக்கு 1,60,000 பேர் என்பது தொடக்க இலக்கு. உண்மையில் மாற்றப்பட்டோர் 34,705 பேர். உறுப்பு நாடுகள் போதிய வல்லுநரை அனுப்பாததால் புகலிட அலுவலகத்தின் உதவி குறைபட்டது என்றும் அவ்வறிக்கை காட்டுகிறது. ஆக, ஆள் பற்றாக்குறையின் ஒரு பகுதி, இவ்வலுவலகத்தைக் குறை கூறிய அரசுகளின் கையிலேயே இருந்தது. மேலாண்மைக் குழுவில் அமர்ந்திருந்தவர்களும் அவ்வரசுகளின் பிரதிநிதிகளே.

கிரேக்கத் தீவுகளில் நடந்த நேர்காணல்கள் பற்றி 2018இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் குறைதீர்ப்பாளர் தனியே ஆராய்ந்தார். கோரிக்கைகளை மதிப்பிடுவதில் இவ்வலுவலகப் பணியாளர்கள் எந்த அளவுக்கு ஈடுபட்டனர் என்பது பற்றியும், நேர்காணல்களின் தரம் பற்றியும் ஐயம் எழுவதற்குக் காரணம் உண்டு என அவர் கருதினார். முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாத அலுவலகம் ஒன்றின் ஆட்கள், முடிவைப் பெரிதும் தீர்மானிக்கும் உரையாடலை நடத்திக்கொண்டிருந்தனர். ஆண்டுத் தணிக்கையில் இதற்கென்று ஒரு வரிகூட ஒதுக்க முடியாது. அந்தப் பணியாளரின் ஊதியப் பட்டியல் விதிப்படி இருந்ததா என்பதோடு அதன் கேள்வி முடிந்துவிடும்.

2021ஆம் ஆண்டின் 2303ஆம் எண் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 2022 ஜனவரி 19 அன்று இவ்வலுவலகம் ஐரோப்பிய ஒன்றியத்தின் புகலிட முகமையாக மாறியது. அதிகாரம் விரிந்தது, தலைமையகம் மால்டாவிலேயே நீடித்தது. பழைய அலுவலகத்தின் சொத்துகள், ஒப்பந்தங்கள், பணியாளர் உடன்படிக்கைகள், நிதிக் கடப்பாடுகள் அனைத்துக்கும் புதிய முகமையே சட்டபூர்வ வாரிசு என அச்சட்டம் குறிப்பிடுகிறது.