ரகசியம்: ஆளில்லா இடம் முதல் அரசுக் கோப்பு வரை

வடமொழியில் 'ரஹஸ்' என்றால் ஆளரவமற்ற இடம். அங்கே பேசப்படுவது 'ரஹஸ்யம்'. தமிழுக்கு வந்து இரகசியம், ரகசியம் என்றானது. நம்மிடம் 'மறை' என்ற பழஞ்சொல்லும் உண்டு. வள்ளுவர் கயவரைப் பறைக்கு ஒப்பிடுவது, காதில் விழுந்த மறையை ஊருக்குச் சொல்லிவிடுவதால்தான். 'மந்தணம்' அரசு அலுவலகக் கோப்புகளில் ஒட்டிக்கொண்டது. பேச்சிலும் செய்தித்தாளிலும் ரகசியமே நிலைத்தது.

அந்தச் சொல்லுக்குக் கனம் தந்தவர்கள் வைணவ ஆசாரியர்கள். பிள்ளை லோகாசாரியர் இயற்றிய பதினெட்டு நூல்களுக்கும் 'ரகசியங்கள்' என்றே பெயர். தகுதியுடைய சீடனுக்கு மட்டும் குரு சொல்லும் பொருள் என்பது கருத்து. திருக்கோட்டியூர் நம்பியிடம் பலமுறை நடந்து பெற்ற மந்திரப் பொருளை, வெளியே சொன்னால் நரகம் என்ற நிபந்தனையையும் மீறி, இராமானுசர் கோயில் மேலேறி எல்லோருக்கும் சொன்னார் என்கிறது மரபு. இந்தக் கதையில் நாம் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு: நரகம் சொன்னவருக்கு மட்டும்தான். கேட்டவர்களுக்குக் கிடைத்தது மோட்சம்.

வெள்ளைக்காரர் கொண்டுவந்த சட்டத்தில் கேட்டவரும் தப்ப முடியாது. 1889இல் பிரிட்டனில் ஒரு ரகசியச் சட்டம் வந்தது. அதே ஆண்டு இந்தியாவுக்கும் ஒன்று. வைஸ்ராய் கர்சன் காலத்தில், 1904இல், ராணுவச் செய்திகளோடு நில்லாமல் சிவில் நிர்வாகத்துக்கும் அதை நீட்டினார்கள். குறி பத்திரிகைகள் மீதுதான் என்று புரிந்துகொண்டு கோகலே சட்டமன்றத்தில் எதிர்த்துப் பேசினார், பலன் இல்லை. 1923இல் பழையதை நீக்கிவிட்டுப் புதிதாக இயற்றியதே இன்று நாளேடுகள் 'அலுவல் ரகசியச் சட்டம்' என்று எழுதுவது. அதன் 3ஆம் பிரிவு உளவுக்கு. ராணுவம் தொடர்பானதென்றால் 14 ஆண்டு வரை சிறை. 5ஆம் பிரிவுதான் அலுவலரையும் நிருபரையும் பிடிப்பது. கொடுத்தவர், தெரிந்தே வாங்கியவர் இருவருக்கும் 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

பெயரிலேயே ரகசியம் இருந்தும், எது ரகசியம் என்று இந்தச் சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. 3ஆம் பிரிவில் அந்தச் சொல் எதைத் தழுவுகிறது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. சங்கேதக் குறிக்கும் கடவுச்சொல்லுக்கும் மட்டுமே அது அடைமொழி, வரைபடத்துக்கோ ஆவணத்துக்கோ அல்ல என்று தீர்ப்பானது. அதாவது, உளவுக் குற்றச்சாட்டில் ஆவணம் ரகசியமானதாகவே இருக்க வேண்டியதில்லை! இலக்கண வகுப்பில் ஓர் அடைமொழி தவறினால் மதிப்பெண் போகும். இங்கே சுதந்திரம் போகும்.

போயும் இருக்கிறது. காஷ்மீர் டைம்ஸ் நாளேட்டின் டெல்லிச் செய்தியாளர் இஃப்திகார் கிலானி 2002 ஜூனில் கைதானார். அவர் கணினியில் இருந்தது பாகிஸ்தான் ஆய்வு நிறுவனம் ஒன்று முன்பே வெளியிட்டிருந்த கட்டுரை. ஊரறிந்த ரகசியம் என்பார்களே, அதுதான். ஏழு மாதச் சிறைக்குப் பிறகு அரசே வழக்கைத் திரும்பப் பெற்றது. நாகர்கோவிலில் பிறந்த விஞ்ஞானி நம்பி நாராயணனையும் 1994இல் இதே சட்டம் சிறைக்கு அனுப்பியது. வழக்கு பொய் என்று சி.பி.ஐ. 1996இல் சொல்லிவிட்டது, 50 லட்சம் ரூபாய் இழப்பீட்டுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2018இல்.

நீதிமன்றங்கள் சில நேரம் முத்திரையைத் தாண்டிப் பார்க்கின்றன. பங்கு விற்பனை பற்றிய அமைச்சரவைக் குறிப்பை வெளியிட்ட செய்தியாளரை, 'ரகசியம்' என்று முத்திரை குத்தியதாலேயே ஓர் ஆவணம் அப்படி ஆகிவிடாது என்று கூறி டெல்லி நீதிமன்றம் 2009இல் விடுவித்தது. ரஃபேல் விமான பேர ஆவணங்களை 'தி இந்து'வில் என். ராம் வெளியிட்டபோது, அவை திருடப்பட்டவை என்றும், இந்தச் சட்டம் பாயும் என்றும் அரசுத் தரப்பு எச்சரித்தது. ரஃபேல் வழக்கின் மறுசீராய்வில் அந்த ஆவணங்களைப் பார்க்கவே கூடாது என்ற ஆட்சேபத்தை உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரல் 10 அன்று தள்ளியது. மறுசீராய்வு மனுக்கள் பின்னர் தள்ளுபடியானது தனிக்கதை.

வரையறை இல்லாததைவிடப் பெரிய கோளாறு இந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் இருக்கிறது. அரசு புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்க முடியும். அமைச்சர்கள் 'ரகசியக் காப்புப் பிரமாணம்' எடுக்கிறார்கள். அதை மீறினால் என்ன தண்டனை என்று அரசியலமைப்பு சொல்லவில்லை. மேலிடத்திலிருந்து கசியும் செய்திக்குப் 'பெயர் சொல்ல விரும்பாத உயரதிகாரி' என்ற மரியாதை. கீழிருந்து கசிந்தால் வழக்கு. ரகசியம் என்பதன் இன்றைய பொருள், அரசு புகார் கொடுக்க விரும்பும் தகவல் என்பதே.

இந்தச் சட்டத்தை நீக்கும்படி இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2006இல் பரிந்துரைத்தது. ஆனால் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்க 2014இல் நிறைவேறிய சட்டம்தான் அமலுக்கு வரவில்லை.