டுஷேன் தசைச்சிதைவு நோயில் இதயப் பராமரிப்பு

எக்ஸ் குரோமோசோமில் உள்ள டிஸ்ட்ரோஃபின் மரபணு பழுதுபடுவதால் வரும் இந்நோய், பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குகிறது. நடை தளர்வதுதான் முதலில் கண்ணில் படும். ஆனால் டிஸ்ட்ரோஃபின் இதயத் தசைக்கும் இன்றியமையாத புரதம். செயற்கைச் சுவாச உதவி பரவிய பின் மூச்சுக் கோளாறால் இறப்போர் குறைந்தனர். இப்போது உயிரைப் பறிக்கும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று இதயச் செயலிழப்பு.

இப்புரதம் இல்லாத தசைச் செல்லின் சவ்வு, இதயம் துடிக்கத் துடிக்கக் கிழிகிறது. கால்சியம் உள்ளே புகுந்து செல் மடிகிறது. அந்த இடத்தில் தழும்பு படிகிறது. பெரும்பாலும் இது இடது கீழறையின் பின்பக்கச் சுவரில் தொடங்கும். எக்கோ பரிசோதனையில் இதயம் நன்றாகச் சுருங்குவதாகத் தெரியும் காலத்திலேயே எம்ஆர்ஐ படத்தில் தழும்பைக் காணலாம்.

மற்றவர்களுக்குப் படியேறும்போது மூச்சு வாங்கினால் இதயத்தின் மேல் சந்தேகம் வரும். சக்கர நாற்காலியில் இருக்கும் சிறுவனுக்கு அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. அவனுக்கு வருவது வயிற்று வலி, வாந்தி, எடைக் குறைவு, தூக்கக் கெடுதல். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வயிற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் காலம் கைநழுவிவிடும்.

ஆகவே அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. நோய் உறுதியானதும் இசிஜியும் எக்கோவோ எம்ஆர்ஐயோ எடுத்து, ஆண்டுதோறும் திரும்பப் பார்க்க வேண்டும். இதயம் நன்றாக இருந்தாலும் 10 வயதுக்குள் ஏசிஇ தடுப்பு மருந்தோ அதற்கு இணையானதோ தொடங்க வேண்டும் என்பது 2018இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல். இதற்கு வழிகாட்டியது பிரான்சில் டெனிஸ் டுபோக் குழு 57 சிறுவர்களிடம் நடத்திய ஆய்வு. இதயம் சீராக இருந்தபோதே பெரிண்டோப்ரில் என்ற ஏசிஇ தடுப்பு மருந்தைப் பெற்ற 28 பேரில் 26 பேர் 10 ஆண்டுக்குப் பின் உயிருடன் இருந்தனர்; முதல் மூன்றாண்டு வெற்று மாத்திரை பெற்று, பிறகே மருந்துக்கு வந்த 29 பேரில் 19 பேர். சிறிய ஆய்வுதான், ஆனால் மூன்றாண்டுத் தாமதத்தின் விலையை இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம்.

அறுவை சிகிச்சை எதுவானாலும் மயக்க மருத்துவரிடம் நோயின் பெயரை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சக்சினைல்கோலின் ஊசி இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தை நிறுத்திவிடக்கூடும். முகர வைக்கும் மயக்க மருந்துகளையும் தவிர்ப்பதே பாதுகாப்பு.

பழுதான மரபணுவைச் சுமக்கும் தாய்க்கும் சகோதரிக்கும் கைகால் வலுவாக இருந்தாலும் இதயத் தசை நலியலாம். மகனுக்கு எக்கோ எடுக்கப் போகும் தாய், தன் இதயத்தையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.