காருக்குள் கதகதப்பு வந்த கதை



காருக்குள் கணப்பு எதற்கு என்று நம் ஊரில் பிறந்து வளர்ந்த எவரும் கேட்பார்கள். வெயிலில் நிறுத்திய காரின் கதவைத் திறந்தாலே அனல் முகத்தில் அடிக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் நம் சாலைகளில் நிறைய ஓடிய மோரிஸ் மைனர் பிறந்த இடம் இங்கிலாந்து. அங்கே தை மாதக் குளிரில் வாளித் தண்ணீர் உறைந்து கல்லாகிவிடும். அந்தக் குளிருக்காகக் காரில் வைத்த ஹீட்டரையும் அதன் காற்றாடியையும் பற்றி இன்று பார்ப்போம். பழைய கார்களைப் பேணுகிறவர்கள் இன்றும் இந்த இரண்டோடும் மல்லுக்கட்டுகிறார்கள். எந்த உறுப்பு எப்போது, எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டால், கோளாறைத் தேடுவது பாதி எளிதாகிவிடும்.

முதலில் வந்த கார்களுக்குக் கூரையே சரியாக இல்லை. கம்பளியும் கனத்த கோட்டும் அணிந்துதான் பயணம் செய்தார்கள். பிறகு, இயந்திரத்தின் புகைக்குழாய் வீணாகச் சுடுகிறதே, அந்தச் சூட்டை உள்ளே திருப்பினால் என்ன என்று யோசித்தார்கள். 1928 முதல் 1931 வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட ஃபோர்டு 'ஏ' மாடல் காருக்கு இத்தகைய ஹீட்டர் கிடைத்தது. புகைக்குழாயைச் சுற்றி ஓர் உறை இருக்கும். அதற்குள் புகும் காற்று சூடாகி, பயணிகளின் காலடிக்கு வரும்.

இதில் ஓர் ஆபத்து இருந்தது. தோட்டத்துப் புகைவீட்டில் ரப்பர் ஷீட்டு காயும்போது வெப்பத்தோடு புகையும் சேர்ந்தே வரும். அங்கே அதுதான் நமக்கு வேண்டும். காரிலோ, குழாயில் துரு பிடித்து ஓர் ஓட்டை விழுந்தால் புகையோடு கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவும் உள்ளே வரும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதகதப்பாக இருக்கிறதே என்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பவருக்குத் தலை வலிக்கும், தூக்கம் வரும், பிறகு உயிரே போகும். பிற்கால வோக்ஸ்வேகன் பீட்டலிலும், தண்ணீர் இல்லாத இயந்திரம் என்பதால், புகைக்குழாயின் சூட்டைத்தான் பயன்படுத்தினார்கள். ஆகையால் பழைய பீட்டலில் ஹீட்டரைத் திறந்ததும் புகை வாடை வந்தால், உடனே கண்ணாடிகளை இறக்கி, காரை நிறுத்திவிட வேண்டும். புகைப்பெட்டியைப் பழுது பார்க்காமல் அந்த ஹீட்டரைத் தொடக்கூடாது.

தண்ணீரைக் கொண்டு சூடேற்றுவது இதைவிட நல்ல வழி. இயந்திரத்தைக் குளிர்விக்கும் தண்ணீர் எப்படியும் கொதிநிலைக்கு அருகில் இருக்கிறது. அதில் ஒரு பகுதியை ஒரு சின்ன ரேடியேட்டருக்குள் ஓடவிட்டு, பின்னால் ஒரு காற்றாடியை வைத்தால் வெந்காற்று வந்துவிடும். 1938-ஆம் ஆண்டு மாடலில் அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் வெளிக்காற்றை உள்ளிழுத்து, சூடாக்கி அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. அதுவரை பல ஹீட்டர்கள் உள்ளே இருந்த பழைய காற்றையே சுற்றிச் சுற்றிச் சூடாக்கின.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனர் 1948-இல் வெளிவந்தபோது அதில் ஹீட்டர் இல்லை. வைக்கவும் வழியில்லை. சுடுதண்ணீர் மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும் என்ற இயற்கை விதியை நம்பியே அந்தக் காரில் தண்ணீர் ஓடியது. காருக்குள் இருக்கும் ஹீட்டர் வரை அதைத் தள்ள விசை போதாது. 1950-இன் இறுதியில் தண்ணீர்ப் பம்பு வைத்தார்கள், அதன் பிறகே ஹீட்டர் வைக்க முடிந்தது. அதுவும் தனிக் காசுக்குத்தான்! 1959-இல் வந்த மினியின் மலிவு மாடலுக்கும் அப்படியே. பணம் குறைந்தவர் குளிரில் நடுங்கியது மட்டுமல்ல. நம் ஊரில் மழை நாளில் கண்ணாடியில் ஆவி படிவதுபோல் அங்கே குளிர்காலம் முழுவதும் படியும். துணியால் ஒரு கையில் துடைத்துக்கொண்டே மறு கையில் ஓட்ட வேண்டும். எதிரே வருகிறவர் தெரியவில்லையென்றால் என்ன ஆகும்? இதை ஆடம்பரப் பொருள் என்று தனி விலை வைத்து விற்றது நியாயமென்று நமக்குத் தோன்றவில்லை.

இனிக் கோளாறுக்கு வருவோம். இயந்திரம் நன்றாகச் சூடான பிறகு, ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாய்கள் இரண்டையும் கையால் தொட்டுப் பாருங்கள். சுழலும் காற்றாடிக்கு அருகில் கையைக் கொண்டு போகவேண்டாம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையும் திறக்கவேண்டாம். இரண்டு குழாயும் சுட்டால் தண்ணீர் ஓடுகிறது, குறை காற்றாடிப் பக்கம் என்று பொருள். ஒன்று சுட்டு மற்றொன்று குளிர்ந்திருந்தால், நடுவில் துரு அடைத்திருக்கலாம், அல்லது தண்ணீர் மாற்றியபோது காற்று சிக்கியிருக்கலாம். இரண்டும் குளிர்ந்திருந்தால் முதலில் வால்வைப் பாருங்கள். மோரிஸ் மைனரில் அது இயந்திரத்தின் மேலேயே இருக்கிறது. கோடையில் மூடி, குளிர்காலத்தில் திறப்பார்கள். திறக்க மறந்தவர்களும் உண்டு. வெப்பநாடுகளில் பட்டறைக்காரர்கள் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவதும் வழக்கம். அப்படிப்பட்ட கார் குளிர்நாட்டுக்குப் போனால் இயந்திரம் சரியாகச் சூடேறாது. ஹீட்டரும் வெதுவெதுப்போடு நின்றுவிடும்.

குழாய்களும் மூப்படைகின்றன. ரப்பரின் குணம் நம் மக்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எண்ணெய் பட்ட இடம் உப்பியிருக்கும், சூடு பட்ட இடம் வெடித்திருக்கும். காலடி விரிப்பு நனைந்து இனிப்பு வாடை வீசினால், உள்ளிருக்கும் சின்ன ரேடியேட்டர் ஒழுகுகிறது. உறையாமலிருக்கச் சேர்க்கும் கிளைகோல் அது, நஞ்சு. குழந்தைகளை அண்டவிடக்கூடாது.

காற்றாடி சுழலவில்லையென்றால் பியூஸிலிருந்து தொடங்குங்கள். அக்காலத்துப் பிரிட்டிஷ் கார்களில் ஒரே பியூஸில் பல உறுப்புகள் தொங்கும். மழைத்துடைப்பானும் நின்றிருந்தால் குற்றம் பெரும்பாலும் பியூஸில்தான். அது சரியென்றால், மோட்டாரைத் தனியே பேட்டரியில் இணைத்துப் பாருங்கள். சுழன்றால், குறை சுவிட்சிலோ துருவேறிய எர்த் கம்பியிலோ இருக்கிறது. சுழலாவிட்டால் மோட்டாருக்குள் கார்பன் கட்டைகள் தேய்ந்திருக்கும். இரண்டு வேகமுள்ள காற்றாடி ஒரே வேகத்தில் ஓடினால், நடுவிலுள்ள மின்தடைக் கம்பி எரிந்திருக்க வாய்ப்புண்டு.

நம் ஊரிலும் இந்த ஹீட்டருக்கு ஒரு பயன் இருந்தது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போது இயந்திரம் கொதிக்கத் தொடங்கினால், ஹீட்டரைத் திறந்து காற்றாடியைப் போடலாம். கால் வேகும், ஆனால் இயந்திரத்தின் சூடு கொஞ்சம் தணியும்.

வெறும் காற்றுக்கு நல்ல வழி 1964-இல் ஃபோர்டு கோர்ட்டினாவில் வந்தது. ஏரோஃப்ளோ என்று பெயரிட்டார்கள். முன்பலகையின் இரு ஓரங்களிலும் முகத்துக்கு நேரே காற்று வரும். பின்தூண்களில் உள்ள கிராதி வழியே வெளியேறும். ஆதலால் பழைய கோர்ட்டினாவில் காற்று வரவில்லையென்றால், காற்றாடியைக் கழற்றும் முன் அந்தப் பின்கிராதியைப் பாருங்கள். அங்கே அடைத்திருந்தால் உள்ளே வந்த காற்று வெளியேற முடியாமல் நிற்கிறது. பழைய தூரிகை ஒன்றால் அழுக்கைத் தட்டிவிட்டு, ஓடும் காரில் மறுபடி சோதித்துப் பாருங்கள்.