முப்பது பவுண்டும் முப்பதாயிரம் பவுண்டும்

டிஸ்கி: 'ஜேன் அயர்' நாவலின் முடிச்சு இந்தப் பதிவில் அவிழ்ந்துவிடும். இனிமேல்தான் படிக்கணும் என்பவர்கள் படித்துவிட்டு வரவும். 1847-ல் இருந்து காத்திருக்கும் புத்தகம், இந்தப் பதிவும் ஒரு வாரம் காத்திருக்காதா என்ன :-)

ஒரு பெரிய பங்களா. எப்போதும் முறைத்துக்கொண்டே திரியும் பணக்கார முதலாளி. குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வரும் அநாதைப் பெண். மாடியில் எந்நேரமும் பூட்டியே கிடக்கும் ஒரு அறை. நடுராத்திரியில் எங்கிருந்தோ ஒரு சிரிப்புச் சத்தம். நாயகி பயந்தாங்கொள்ளி கிடையாது, முதலாளி ஒன்று சொன்னால் இவள் ரெண்டு சொல்வாள். இருவருக்கும் காதல் வரும். ஆனால் அம்மணி லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்.

எங்கேயோ கேட்ட கதையா இருக்கா? மாத நாவல் படித்து வளர்ந்தவர்கள் எத்தனை தடவை படித்திருப்பீர்களோ. 1969-ல் ஜெமினி கணேசனும் காஞ்சனாவும் நடித்து வந்த 'சாந்தி நிலையம்' படமும் இதுதான். எல்லாவற்றுக்கும் பாட்டி, சார்லட் பிராண்டி எழுதிய 'ஜேன் அயர்'.

இந்த வகைக் கதைகளைப் பற்றிப் பேசும்போது ஒரு கிண்டல் கட்டாயம் வரும். "அதான் ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கே, அப்புறம் எதுக்கு இந்தப் பொண்ணு முந்நூறு பக்கத்துக்கு இழுத்தடிக்குது?" வெட்கம் என்பார்கள், பிகு என்பார்கள், பக்கம் நிரப்ப எழுத்தாளர் செய்யும் வேலை என்பார்கள். பின்னால் வந்த நகல்களுக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம். மூலக்கதைகளில் நாயகி தயங்குவது வெட்கத்தால் இல்லீங்க. கணக்குப் போடுகிறாள். அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள அன்றைய இங்கிலாந்தின் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை, கல்யாணம் ஆன நிமிடத்திலேயே ஒரு ஆங்கிலேயப் பெண் சட்டத்தின் கண்ணில் தனி ஆளாக இருப்பது நின்றுபோகும். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே ஆள். அந்த ஒரே ஆள் யார் என்று கேட்க வேண்டியதில்லை. அவள் கையிருப்புப் பணம், நகை, சாமான் எல்லாம் கணவனுக்குச் சொந்தம். கல்யாணத்துக்குப் பிறகு அவள் உழைத்துச் சம்பாதிப்பதும் அவனுடையதுதான். நிலம் இருந்தால் அதன் வருமானம் அவன் கையில், விற்பதற்கு மட்டும் அவள் சம்மதம் வேண்டும். அவள் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது, வழக்குத் தொடர முடியாது. வசதியான வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்கு முன்பே வக்கீலை வைத்து, பெண்ணின் சொத்தைத் தனியாக ஒரு டிரஸ்டில் போட்டுப் பத்திரம் எழுதிக்கொள்வார்கள். மற்றவர்கள் கதி அதோகதி.

இதை மனசில் வைத்துக்கொண்டு அந்தக் காலத்துத் திகில் நாவல்களைத் திருப்பிப் படித்தால் வேறு மாதிரி தெரியும். ஆன் ராட்கிளிஃப் 1794-ல் 'உடால்ஃபோ மர்மங்கள்' என்று ஒரு நாவல் எழுதினார். பதிப்பாளர் கொடுத்த தொகை 500 பவுண்டு, அந்தக் காலத்துக்கு அசாத்தியம். இத்தாலி மலை மேல் ஒரு பாழடைந்த கோட்டை, மூடுதிரை, மர்மக் குரல் என்று சகல சாமக்கிரியைகளும் உண்டு. கோட்டைக்காரன் மொண்டோனி, நாயகி எமிலியின் அத்தையைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து அடைத்து வைக்கிறான். எதற்கு? பேய்க்குப் பலி கொடுக்கவா? இல்லை. அவள் பெயரில் இருக்கும் நிலத்தை எழுதி வாங்க. கையெழுத்துப் போட மாட்டேன் என்று அந்த அம்மாள் சாகிறாள். அடுத்து அவன் எமிலியிடம் வருகிறான், அதே பத்திரத்துக்காக. பேயெல்லாம் கடைசியில் ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறது. பத்திரம் மட்டும் நிஜம்.

இப்போது ஜேன் அயருக்கு வருவோம். தார்ன்ஃபீல்ட் மாளிகையில் ஜேனுக்கு வருஷச் சம்பளம் 30 பவுண்டு. மூன்றாவது மாடியில் பூட்டி வைக்கப்பட்டிருப்பவள் முதலாளி ராச்செஸ்டரின் மனைவி பெர்த்தா, ஜமைக்காவில் இருந்து வந்தவள். அவள் கொண்டுவந்த சீதனம் 30,000 பவுண்டு! சொத்து முழுக்க மூத்த மகனுக்கே போக வேண்டும், இளையவனும் ஏழையாக இருக்கக் கூடாது என்று ராச்செஸ்டரின் அப்பா பார்த்து முடித்த சம்பந்தம் அது. பணம் அவர்கள் பக்கம் வந்துவிட்டது. பணத்தோடு வந்தவளுக்குப் புத்தி பேதலித்ததும் மாடியறை. முப்பதாயிரம் கொண்டுவந்தவள் மேலே பூட்டிய அறையில், முப்பது வாங்குகிறவள் கீழே. சார்லட் இந்த இரண்டு எண்களையும் தெரிந்தே வைத்தாரா, தானாக விழுந்ததா, தெரியாது. எனக்கு அந்த நாவலே இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நடப்பதாகத் தோன்றும்.

ராச்செஸ்டர் கல்யாணம் பேசுகிறார், ஜேனும் சம்மதிக்கிறாள். உடனே பட்டு வாங்கித் தருகிறேன், நகை போட்டுவிடுகிறேன் என்று ஆரம்பிக்கிறார். சினிமாவாக இருந்தால் இங்கே ஒரு டூயட். ஜேனுக்கோ எரிச்சல் வருகிறது. பொம்மைக்கு அலங்காரம் செய்வது போல இருக்கிறது அவளுக்கு. கல்யாணம் வரைக்கும் அதே முப்பது பவுண்டுக்கு அதே வேலையைத்தான் பார்ப்பேன் என்கிறாள். அதோடு விடவில்லை. எனக்கென்று நாலு காசு இருந்தால் இவரிடம் இப்படிக் கை நீட்டி நிற்க வேண்டியதில்லையே என்று யோசித்து, மதேராத் தீவில் இருக்கும் சித்தப்பாவுக்கு ஒரு கடிதம் போடுகிறாள்.

கதையின் அச்சாணி இந்தக் கடிதம்தான். பலரும் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறோம். கடிதம் போய்ச் சேர்ந்த சமயத்தில் சித்தப்பா பக்கத்தில் இருந்தவர் பெர்த்தாவின் அண்ணன். விஷயம் தெரிந்ததும் அவர் கிளம்பி வந்து, சர்ச்சில் தாலி கட்டும் நேரத்தில், அதாவது மோதிரம் போடும் நேரத்தில், வக்கீலோடு நின்று "இவருக்கு ஏற்கனவே பெண்டாட்டி இருக்கிறாள்" என்று கல்யாணத்தை நிறுத்துகிறார். அவளைக் காப்பாற்றியது அதிர்ஷ்டமோ ஆவியோ இல்லை, காதலுக்கு நடுவிலும் கைச்செலவுக்கு என்ன வழி என்று யோசித்த அந்தத் தயக்கம். பிறகு சித்தப்பா இறந்து 20,000 பவுண்டு வருகிறது. அதைச் சொந்தபந்தம் நாலு பேராகப் பங்கு போட்டு, தன் பங்கு 5,000-த்தோடு ராச்செஸ்டரைத் தேடிப் போகிறாள். முதல்முறை அந்த வீட்டுக்குச் சம்பளத்துக்கு வந்தவள், இப்போது தன் சொந்தக் காசில் வண்டி பிடித்து வருகிறாள்.

கதைதானே என்பீர்கள். நிஜத்தைப் பாருங்கள். கரோலின் நார்ட்டன் என்று ஒரு எழுத்தாளர், 1808-ல் பிறந்தவர், நாடகாசிரியர் ஷெரிடனின் பேத்தி. கணவர் ஜார்ஜ் நார்ட்டன் அடித்துத் துன்புறுத்துவார். 1836-ல் அந்த ஆள், தன் மனைவியோடு தொடர்பு என்று அப்போதைய பிரதமர் மெல்போர்ன் பிரபு மேலேயே வழக்குப் போட்டார். வழக்கு நிற்கவில்லை, தோற்றது. ஆனால் மூன்று பிள்ளைகளையும் அம்மாவிடம் காட்டாமல் கொண்டுபோய் விட்டார். சட்டப்படி பிள்ளைகள் அப்பாவுக்குத்தான் சொந்தம், கேட்க நாதியில்லை. கரோலின் உட்கார்ந்து அழவில்லை, பேனாவை எடுத்தார். அவர் எழுதி எழுதிப் போராடியதில் 1839-ல் ஒரு சட்டம் வந்தது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள அம்மா கோர்ட்டில் மனுப் போடலாம் என்றது அது. கடைசிப் பையன் 1842-ல் குதிரையில் இருந்து விழுந்த காயத்தால் இறந்துபோனான். போதாக்குறைக்கு, கரோலின் புத்தகம் எழுதிச் சம்பாதித்த பணமும் தனக்கே என்று கணவர் உரிமை கொண்டாடினார். சட்டம் அவர் பக்கம். எழுதியது ஒருத்தி, சம்பாத்தியம் இன்னொருவருக்கு!

பூட்டிய அறையும் கற்பனையில்லை. 1858-ல் ரோசினா என்ற பெண்ணை அவர் கணவர் மனநோய் விடுதியில் அடைத்தார். கணவர் சாதாரண ஆள் இல்லை, பிரபல நாவலாசிரியரும் மந்திரியுமான எட்வர்ட் புல்வர் லிட்டன். தேர்தல் கூட்டத்தில் வந்து அவரைப் பகிரங்கமாகக் கிழித்ததுதான் ரோசினா செய்த குற்றம். பத்திரிகைகள் போட்ட சத்தத்தில் மூன்று வாரம் சொச்சத்தில் வெளியே வந்தார். அடுத்த வருஷம் வில்கி காலின்ஸ் ஒரு தொடர்கதை ஆரம்பிக்கிறார்: மனைவியின் 20,000 பவுண்டுக்காக, அவள் செத்துவிட்டாள் என்று ஊரை நம்பவைத்து, வேறு பெயரில் அவளை மனநோய் விடுதியில் அடைக்கும் ஒரு கணவனின் கதை. 'வெள்ளை உடைப் பெண்'. வாசகர்கள் பயந்தது சும்மா இல்லை.

சரி, இதையெல்லாம் எழுதிய சார்லட் தன் வாழ்க்கையில் என்ன செய்தார்?

1816-ல் பிறந்தவர். ஐந்து வயதில் அம்மா போய்விட்டார். பாதிரியாரான அப்பாவின் சம்பளத்தில் ஓடிய குடும்பம். 1841-ல் ஒரு வீட்டில் குழந்தைகளுக்கு ஆசிரியையாக இருந்தபோது வருஷத்துக்கு 20 பவுண்டு, அதிலும் துணி வெளுக்க 4 பவுண்டு பிடித்தம். ஜேனுக்கு முப்பது கொடுத்தது தாராளம்தான் :-) 1839-ல், கையில் காசில்லாத அந்த வயதிலேயே, தோழியின் அண்ணன் பெண் கேட்டதையும் இன்னொரு இளம் பாதிரியார் கேட்டதையும் மறுத்தார். பிரஸ்ஸல்ஸில் படிக்கப் போன இடத்தில், கல்யாணமான ஆசிரியர் கான்ஸ்டன்டின் ஹேகர் மேல் மனசு போனது. ஊர் திரும்பி அவருக்கு எழுதிய கடிதங்கள் கிழிக்கப்பட்டு, பிறகு அவர் மனைவியால் ஒட்டவும் தைக்கவும் பட்டுப் பத்திரமாக இருந்தன. சார்லட்டின் வாழ்க்கை வரலாற்றை 1857-ல் எழுதிய எலிசபெத் காஸ்கெலுக்கு விஷயம் தெரியும், மூச்சு விடவில்லை. 1913-ல் டைம்ஸ் பத்திரிகையில் கடிதங்கள் அச்சானபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

1852 டிசம்பரில், அப்பாவின் உதவிப் பாதிரியார் ஆர்தர் நிக்கல்ஸ் பெண் கேட்டார். அப்பா ஆடித் தீர்த்துவிட்டார். சார்லட்டுக்கோ அந்த மனிதர் மேல் காதலும் இல்லை, வெறுப்பும் இல்லை. நிக்கல்ஸ் ஊரை விட்டே போனார், ரகசியமாகக் கடிதம் எழுதினார், விடவில்லை. மெல்ல மெல்ல இவர் மனசு இளகியது. 1854 ஜூன் 29-ல் கல்யாணம். முதல் நாள் ராத்திரி, நான் சர்ச்சுக்கு வரமாட்டேன் என்று அப்பா அடம் பிடிக்க, பழைய ஆசிரியை ஒருவர் கூடப் போய்ப் பெண்ணைக் கையளித்தார்.

ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பே சார்லட் ஒரு காரியம் செய்திருந்தார். எழுத்தில் சம்பாதித்த 1,678 பவுண்டு சொச்சத்தை நண்பர் ஜோ டெய்லரைப் பொறுப்பாளராகப் போட்டு டிரஸ்டில் வைத்துப் பத்திரம் எழுதிவிட்டார். கணவர் அதைத் தொட முடியாது. குழந்தையில்லாமல் தான் இறந்தால் பணம் வயதான அப்பாவுக்கு. தயங்கித் தயங்கி வந்த காதலுக்கு, ஜேன் அயரை எழுதிய கை போட்ட பூட்டு இது.

கல்யாணம் நன்றாகவே அமைந்தது. அவரே எதிர்பார்க்காத அளவுக்கு. எட்டு மாதம்கூட ஆகவில்லை, நோயில் விழுந்தார். 1855 பிப்ரவரி 17-ல் படுக்கையில் இருந்தபடி உயில் எழுதினார். இந்த முறை எல்லாமே கணவருக்கு. மார்ச் 31-ல் இறந்தார், வயது 38.

ஒன்பது மாத இடைவெளியில் இரண்டு காகிதங்கள். முதலாவதில் உன்னை நம்பி என் உழைப்பைத் தரமாட்டேன் என்கிறார். இரண்டாவதில் நம்புகிறேன், எடுத்துக்கொள் என்கிறார். அவர் எழுதிய எந்தக் காதல் காட்சியையும் விட எனக்கு இந்த இரண்டாவது காகிதம் பெரிது. காரணம் முதலாவது காகிதம். மாட்டேன் என்று சொல்ல வழி இருந்தவள் சரி என்று சொல்வதற்குத்தான் மதிப்பு. வேறு வழியில்லாதவள் தலையாட்டினால் அது சம்மதம் ஆகாது.

1856-ல் கல்யாணமான பெண்களுக்குச் சொத்துரிமை கேட்டு நாடாளுமன்றத்துக்குப் போன மனுவில் காஸ்கெலும் கையெழுத்துப் போட்டார். 1870-ல் சம்பாத்தியமும், 1882-ல் மற்ற சொத்தும் மனைவிக்கே என்று சட்டம் வந்தது. இடையில் 1874-ல் இந்தியாவிலும் அதே பெயரில் ஒரு சட்டம் போட்டார்கள். கணவர் மனைவி பெயரில் பாலிசி எடுத்தால் கடன்காரர்கள் தொட முடியாது என்று இன்சூரன்ஸ் ஏஜென்ட் சொல்கிறாரே, அது இந்தச் சட்டத்தின் 6-ம் பிரிவுதான்.

ஆகவே மக்களே, அடுத்த தடவை ஏதாவது நாவலில் நாயகி சம்மதம் சொல்லாமல் இழுத்தடித்தால் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். அவள் பாட்டிமார்கள் போட்ட கணக்கு அது. விடை வர அவர்களுக்கு 1882 வரை ஆனது.