மாரியில் உடுப்புக் காயவைக்க: எரிவாயு உலர்த்தியா, மின் உலர்த்தியா?

ஐப்பசி பிறந்துவிட்டால் வன்னியில் கொடியில் போட்ட உடுப்பு இரண்டு மூன்று நாளானாலும் காயாது. பெரும்பாலான வீடுகளுக்கு இது சிறு சிரமம். போரில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் வாழும் வீடுகளில் அப்படியல்ல. அங்கே படுக்கை விரிப்பை அடிக்கடி மாற்றவேண்டும். ஈரலிப்பான விரிப்பில் தோல் ஊறும், அழுத்தப்புண் வரும். செயற்கைக் கால் அணிபவர்களுக்கும் ஈரமான உறை தோலை உரசிப் புண்ணாக்கும்.

இவ்வாறான வீடுகளுக்கு உடுப்பு உலர்த்தி வாங்கித் தர வெளிநாட்டு உறவுகள் முன்வருவதுண்டு. வாங்குமுன் கவனிக்கவேண்டியவை இவை.

எரிவாயு உலர்த்தி

கனடாவில் விற்கப்படும் எரிவாயு உலர்த்திகள் குழாய்வழி வரும் இயற்கை வாயுவுக்கென அமைக்கப்பட்டவை. இலங்கையில் வீடுகளுக்குக் குழாய்வழி வாயு இல்லை. சிலிண்டரில் வருவது திரவ பெற்றோலிய வாயு. எரிமுனையை மாற்றாமல் அதைப் பயன்படுத்துவது ஆபத்து. அந்த இயந்திரங்களின் மோட்டார் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸுக்கு உரியது. நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ்.

பொருத்தமான இயந்திரம் கிடைத்தாலும், ஒரு தடவைக்கு ஏறத்தாழ 350 கிராம் வாயு செலவாகும். 12.5 கிலோ சிலிண்டர் 35 தடவை அளவில் முடிந்துவிடும். புகையைக் குழாய்மூலம் வெளியேற்றாவிட்டால் காபனோரொட்சைட்டு வீட்டுக்குள் தேங்கி உயிரைப் பறிக்கும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோரம் தங்கும். எழுந்து ஓடமுடியாதவர் படுத்திருக்கும் வீட்டில் இதை இலேசாக எடுக்கக்கூடாது. உருளையைச் சுழற்ற மின்சாரமும் வேண்டும் என்பதால் மின்வெட்டில் இதுவும் நின்றுவிடும். 2022 இல் வாயுவுக்கு வரிசையில் நின்றதையும், மணிக்கணக்கில் மின்சாரம் தடைப்பட்டதையும் நாம் மறக்கவில்லை.

மின் உலர்த்தி

ஐரோப்பாவிலிருந்தோ அவுஸ்திரேலியாவிலிருந்தோ வருபவை நமது மின்சாரத்துக்குப் பொருந்தும். சாதாரண மின் உலர்த்தி ஏழு கிலோ பருத்தித் துணிக்கு நான்கு யுனிட் அளவில் எடுக்கும். வெப்பப் பம்பி வகை அதில் பாதியளவே எடுக்கும். விலை அதிகம், காய நேரமும் கூட எடுக்கும்.

கட்டணத்தைக் கணக்குப் பாருங்கள். மாதம் 60 யுனிட்டைத் தாண்டினால் முதல் யுனிட்டிலிருந்தே உயர்ந்த கட்டணம் வரும். 45 யுனிட் பாவிக்கும் வீடு சாதாரண உலர்த்தியை 20 தடவை ஓட்டினால் பாவனை 125 ஆகும். வெப்பப் பம்பி வகையை மாதம் ஏழு தடவை மட்டும் ஓட்டினால் 60 க்குள் நிற்கலாம்.

2,500 வோட் இயந்திரம் 11 அம்பியர் இழுக்கும். ஐந்து அம்பியர் பிளக்கிலோ நீட்டு வயரிலோ கொழுவக்கூடாது. புவித்தொடுப்பையும் ரிப் சுவிட்சையும் மின்னியலாளர் ஒருவரைக்கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் வடிகட்டியில் சேரும் நூல்பஞ்சை எடுத்துவிடுங்கள், அது தீப்பிடிக்கும். இறப்பர் விரிப்பு, பஞ்சு மெத்தை, எண்ணெய் ஊறிய துணி, செயற்கைக் காலின் சிலிக்கன் உறை எதையும் உள்ளே போடவேண்டாம்.

இயந்திரத்துக்கு முன்

துணியிலுள்ள நீரை முதலில் சுழற்றிப் பிழிந்தெடுப்பதே மலிவான வழி. சலவை இயந்திரத்தின் சுழற்சி அதற்குப் போதும். பின்னர் தகரப் பத்திக்குள் காற்றோட்டமாகக் கொடி கட்டி ஒரு மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள். 60 வோட் விசிறி பத்து மணித்தியாலம் ஓடினாலும் 0.6 யுனிட்தான். மாற்று விரிப்புகள் ஆறேழு வைத்திருந்தால் அடைமழை நாட்களையும் கடந்துவிடலாம்.

முடிவாக, வீட்டுக்கு எரிவாயு உலர்த்தி வேண்டாம். விசிறியும் கொடியும் போதாதவர்களுக்கு வெப்பப் பம்பி மின் உலர்த்தியே ஏற்றது. உதவ நினைக்கும் உறவுகளிடம் ஒன்று சொல்லுங்கள்: இயந்திரத்தோடு மாரி மாதங்களின் மின்கட்டணத்துக்கும் சேர்த்து உதவினால்தான் அது மூலையில் கிடக்காமல் வேலை செய்யும்.