கிளை அலுவலகங்களில் ஆன்டிவைரஸ் அப்டேட்

பல ஊர்களில் கிளைகள் உள்ள நிறுவனங்களில், ஆன்டிவைரஸ் அப்டேட்டுகள் இணைய இணைப்பை அடைத்துக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடுகளை இக்கட்டுரை விளக்குகிறது. வைரஸ்களை இனங்காணும் குறிப்புகள் ஒரே நாளில் பலமுறைகூட வெளியாகும். ஒவ்வொரு கணினியும் தானே போய் அவற்றை எடுத்தால், ஒரே கோப்பு ஒரே இணைப்பின் வழியே திரும்பத் திரும்ப வரும்.

அரசு அலுவலகங்களை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2005 மார்ச்சில் மத்திய அரசு ஒப்புதல் தந்த மாநிலப் பரப்பு வலையமைப்புத் திட்டம், தலைநகரிலிருந்து மாவட்டம் வழியாக ஒன்றியம் வரை அரசு அலுவலகங்களைக் குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேகத்தில் இணைக்க வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதை மாநில அரசு நிறுவனமான எல்காட் செயல்படுத்தியது. பூந்தமல்லி ஊராட்சி ஒன்றியம் போன்ற ஓர் அலுவலகத்தில் 30 கணினிகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் 100 எம்பி முழுத்தொகுப்பை இறக்குவதாகவும் வைத்துக்கொள்வோம். 2 எம்பிபிஎஸ் இணைப்பில் இதற்கு 3 மணி 20 நிமிடம் ஆகும். ஒரு கணினி மட்டும் இறக்கி மற்றவற்றுக்குப் பகிர்ந்தால் 7 நிமிடம்கூட ஆகாது. மிச்சமாகும் நேரம் அலுவலக வாசலில் காத்திருப்பவர்களுடையது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இன்று பெரிய தரவு மையங்கள் இயங்குகின்றன. ஆனாலும் திட்டமிடும்போது கணக்கில் கொள்ளவேண்டியது தலைமையகத்தின் வேகமான இணைப்பை அல்ல, கடைசிக் கிளையின் மெலிந்த இணைப்பைத்தான்.

கிளைக்குள்ளேயே ஒரு பகிர்வுக் கணினியை வைப்பதுதான் முதன்மையான தீர்வு. சைமன்டெக் இதைக் குரூப் அப்டேட் புரொவைடர் என்றது. மெக்காஃபியில் சூப்பர் ஏஜென்ட், டிரெண்ட் மைக்ரோவில் அப்டேட் ஏஜென்ட். இதற்குத் தனி சர்வர் வேண்டியதில்லை; எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சாதாரணக் கணினியே போதும். இரவில் அணைக்கப்படும் கணினியைத் தேர்ந்தெடுத்தால் பயனில்லை: பல மென்பொருள்களில், பகிர்வுக் கணினி கிடைக்காவிட்டால் மற்றவை நேரே இணையத்துக்கே போய்விடும்.

முழுக்கோப்புக்குப் பதிலாக, மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது இன்னொரு வழி. கட்டற்ற மென்பொருளான கிளாம்ஏவி, புதிய பதிப்பு உண்டா என்பதைச் சிறிய டிஎன்எஸ் விசாரிப்பிலேயே அறிந்து, வேறுபாட்டுக் கோப்பை மட்டும் எடுக்கிறது. நெடுநாள் அணைந்திருந்த கணினிக்கு முழுத்தொகுப்பே தேவைப்படலாம். எல்லாக் கணினிகளும் காலை 10 மணிக்கு ஒன்றாக இறக்காதபடி நேரத்தைக் கலைத்துப் போடுவதும், வேகத்துக்கு வரம்பு வைப்பதும் துணை ஏற்பாடுகள். விபிஎன் வழியே வேலை செய்யும் மடிக்கணினிகள் அப்டேட்டைத் தலைமையகம் சுற்றாமல் நேரடியாக எடுப்பது நல்லது. இணைப்பை மிச்சப்படுத்துவதற்காக அப்டேட்டையே வாரம் ஒருமுறையாக்குவது மட்டும் கூடாது. புதிய வைரஸ் வாரக்கடைசிவரை காத்திருக்காது.

பகிர்வு வேகமாக நடந்தால், பிழையும் அதே வேகத்தில் பரவும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் அடிப்படைக் கோப்பான எஸ்விசிஹோஸ்ட்டை வைரஸ் என்று கொண்டு முடக்கியது. கணினிகள் வலையமைப்பை இழந்து மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்தன. தொலைவிலிருந்து சரிசெய்ய வழியின்றி, ஒவ்வொரு கணினிக்கும் ஆள் நேரில் போகவேண்டியிருந்தது. ஆகவே புதிய தொகுப்பை முதலில் தலைமையகத்தின் சில கணினிகளில் ஓடவிட்டு, சில மணி நேரம் கழித்தே கிளைகளுக்கு விடுகிறார்கள். முந்தைய தொகுப்பையும் பகிர்வுக் கணினியில் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள்.